இறங்காத விதை: 7 மாதத்தில் ஒரு கணக்கு, 29 வயதில் வேறு கணக்கு

ஏற்காடு அடிவாரத்தில் ஒரு டீக்கடையில் வைத்துத்தான் என் சித்தப்பா மகன் அதைச் சொன்னான். வீட்டில் வைத்துச் சொல்ல முடியாது. அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். தறி ஓடும் நேரத்தில்தான் ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டுக்குக் கேட்காது.

“அண்ணா, எனக்கு இடது பக்க விதை கீழே எறங்கவே இல்லையாம். மூணு டாக்டரைப் பார்த்துட்டேன். ஒருத்தர் எடுத்துடலாம்ங்கறார். ஒருத்தர் கீழே எறக்கி வெச்சுத் தைக்கலாம்ங்கறார். இன்னொருத்தர், இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகலையே, விட்டுடுங்கறார். நான் என்ன பண்ணட்டும்?”

அவனுக்கு 29 வயது. கல்யாணமாகி மூன்று வருடம், குழந்தை இல்லை. அதே பங்குனி மாதத்தில் மலை மேலே மஞ்சக்குட்டையிலிருந்து என் அக்காவும் போன் செய்திருந்தாள். அவள் பேரனுக்கு 7 மாதம். அவனுக்கும் ஒரு பக்கம் இறங்கவில்லை. ஒரே குடும்பத்தில், ஒரே மாதத்தில், ஒரே குறை இரண்டு வெவ்வேறு வயதுக்காரர்களிடம் வந்து நின்றது. குழந்தைக்கான பதில் ஒரே நாளில் தெளிவாகிவிட்டது. தம்பிக்கான பதிலுக்கு ஏழு வாரம் ஆனது.

நான் டாக்டர் இல்லை. சேலத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 18 வருடம் வேலை பார்த்தவன். விந்துப் பரிசோதனைக்குக் கப்பை வாங்கிக்கொண்டு போகும் ஆண்கள் என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் குறை இருந்திருக்கும், எத்தனை பேரை யாராவது தொட்டுப் பார்த்திருப்பார்கள் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். இந்த இரண்டு பேருக்காகவும் நான் கேட்டுப் படித்துத் தெரிந்துகொண்டதை, இதே முடிவின் முன்னால் நிற்பவர்களுக்காக எழுதுகிறேன். புத்தகத்தில் ‘விரை’ என்பார்கள். எங்கள் பக்கத்துப் பேச்சில் விதைதான், அப்படியே எழுதுகிறேன்.

கருவில் விதை உருவாவது வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். ஏழாம் மாதத்துக்குப் பிறகு தொடையிடுக்குப் பாதை வழியாக மெல்ல நழுவிப் பைக்கு வந்து சேர்கிறது. அதனால்தான் குறைமாதத்தில் பிறக்கும் பையன்களிடம் இந்தக் குறை அதிகம். 100 பேரில் 30 பேர்வரை இருக்கலாம். நிறைமாதத்தில் பிறந்தவர்களில் 100க்கு 2 முதல் 4 பேர். பெரும்பாலானவர்களுக்கு முதல் மூன்று நான்கு மாதத்துக்குள் தானாக இறங்கிவிடும். ஒரு வயதில் பார்த்தால் 100க்கு ஒருவர் அளவில் மிஞ்சுவார்கள். ஆறு மாதம் தாண்டியபின் தானாக இறங்குவது அபூர்வம்.

விதைப்பையின் சூடு உடம்பின் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவு. விந்தணு ஆவதற்கு அந்தக் குளிர்ச்சி வேண்டும். உள்ளேயே தங்கிவிடும் விதை எப்போதும் உடம்புச் சூட்டில் கிடக்கிறது. பிறந்து மூன்று மாதத்திலிருந்து ஒன்பது மாதத்துக்குள் அதன் மூலச் செல்கள், அதாவது பிற்காலத்தில் விந்தணு ஆக வேண்டிய செல்கள், ஒரு படி முதிர வேண்டும். சூட்டில் அது தடைப்படுகிறது. பிற்காலத்தில் விந்தணுக் குறைவுக்கும் புற்றுநோய்க்கும் வேர் பிடிப்பது இந்த மாதங்களில்தான் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். 7 மாதத்துக்கு ஒரு கணக்கு, 29 வயதுக்கு வேறு கணக்கு என்று நான் சொல்வது இதனால்தான்.

மஞ்சக்குட்டைக் குழந்தை

மார்கழியில், 14 வாரத் தடுப்பூசி போட்ட செவிலியர்தான் முதலில் கவனித்திருக்கிறார். ஆனால் அவரே, “குளிரா இருக்கு, இப்ப பார்த்து முடிவு சொல்லக் கூடாது. வெந்நீர்ல குளிப்பாட்டினதும் கை சூடா இருக்கும்போது தடவிப் பாருங்க” என்று சொல்லி அனுப்பினார். அந்த அம்மாவுக்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. குளிர்ந்தால் விதையை மேலே இழுக்கும் தசை ஒன்று உண்டு. சேர்வராயன் மலைக் குளிரில், ஜில்லென்ற கை பட்டால், சரியாக இறங்கிய விதைகூட மேலே ஓடி ஒளிந்துகொள்ளும். வெந்நீரில் குளிக்கும்போது பைக்குள் வந்து தங்கினால் அது ஏறி இறங்கும் விதை. அதற்கு அறுவை வேண்டாம். வளரும்போது சிலருக்கு மேலேயே தங்கிவிடும் என்பதால் வருடத்துக்கு ஒருமுறை டாக்டர் பார்த்தால் போதும். அக்கா பேரனுக்கு எத்தனை வெந்நீர் ஊற்றியும் வரவில்லை. தொடையிடுக்கில் ஒரு சின்னப் பயறு போலத் தட்டுப்பட்டது.

“வளர வளரத் தானா எறங்கிடும் சாமி, பிஞ்சு ஒடம்புல கத்தி வைக்கறதாவது” என்றாள் அக்கா. அவள் சொன்னது ஒரு வழி. மருந்துக்கடைக்காரர் ஒருவர் சொன்ன ஹார்மோன் ஊசி இன்னொரு வழி. அறுவை மூன்றாவது.

பொறுத்திருக்கும் வழி ஆறு மாதம்வரை சரியானதுதான். குறைமாதக் குழந்தையென்றால், பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து ஆறு மாதத்தை எண்ண வேண்டும். அதற்குமேல் காத்திருப்பதில் லாபம் ஏதுமில்லை. மாதம் ஏற ஏற விதைக்குள் மூலச் செல்கள் குறைந்துகொண்டே போகின்றன. ஊசியால் இறங்குவது ஐந்தில் ஒருவருக்கு என்ற அளவில்தான். இறங்கியதிலும் சில மறுபடி ஏறிவிடுகின்றன. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இறக்குவதற்காக ஹார்மோன் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. ஆறு மாதத்தில் இறங்கவில்லையென்றால் அறுவை நிபுணரிடம் அனுப்பு, ஒன்றரை வயதுக்குள் முடி என்பதும் அதில் இருக்கிறது. ஐரோப்பிய மருத்துவர்களும் ஏறக்குறைய இதே வயதைத்தான் சொல்கிறார்கள். இவ்வளவு ஒருமித்த கருத்து மருத்துவத்தில் எல்லா விஷயத்துக்கும் கிடைப்பதில்லை.

முதலில் ஸ்கேன் எடுத்து வா என்று சொன்னால் அதற்காக நாட்களைக் கடத்த வேண்டாம். அனுபவமுள்ள டாக்டரின் விரல், ஸ்கேனைவிட நம்பகமானது. விரலுக்குத் தட்டுப்படாத விதையை ஸ்கேனும் பல நேரம் தவறவிடும். அப்போது வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பதுதான் வழி. ஒன்று மட்டும் அவசரம்: பிறந்த குழந்தைக்கு இரண்டு பக்கமும் விதை தட்டுப்படவில்லையென்றால் ஆறு மாதம் காத்திருக்கக் கூடாது. பிறவியிலேயே அட்ரினல் சுரப்பிக் கோளாறு உள்ள பெண் குழந்தை, வெளித்தோற்றத்தில் பையனைப் போலத் தெரிவதுண்டு. அந்தக் கோளாறு முதல் சில வாரங்களிலேயே உயிருக்கு ஆபத்தாகும். பிறந்த மருத்துவமனையிலேயே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

மயக்க மருந்துதான் அக்காவின் பெரிய பயம். மூளையைப் பாதிக்குமோ என்று அழுதாள். கைக்குழந்தைகளுக்குக் குடலிறக்க அறுவை செய்தபோது, ஒரு பாதிக்கு முழு மயக்கமும் மறு பாதிக்கு இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகும் ஊசியும் கொடுத்து, ஐந்து வயதுவரை தொடர்ந்து பார்த்த பெரிய ஆய்வு ஒன்று 2019இல் வெளியானது. ஒரு மணி நேரத்துக்குள் முடியும் மயக்கத்தால் புத்தி வளர்ச்சியில் வித்தியாசம் தெரியவில்லை. தொடையிடுக்கில் இருக்கும் விதையை இறக்கித் தைக்கவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகும். இதைச் சொன்ன பிறகுதான் அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு, “எப்ப கூட்டிட்டு வரணும்?” என்று கேட்டாள்.

எனவே குழந்தைக்கு மூன்று வழி இருந்தாலும் ஒன்றுதான் வழி. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து, குழந்தைகளுக்கான அறுவை நிபுணர் இருக்கும் இடத்தில் காட்டுவது. பெரியவர்களுக்குக் குடலிறக்கம் பார்க்கும் டாக்டர் நல்லவராக இருக்கலாம். ஆனாலும் நூல் போன்ற ரத்தக் குழாயையும் விந்து நாளத்தையும் கிள்ளாமல் பிரித்தெடுக்கக் குழந்தைகளின் உடம்பில் பழகிய கை வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரித்துவிட்டு மற்ற இடங்களைப் பார்ப்பது நல்லது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உள்ள குடும்பம் என்றால், தனியார் மருத்துவமனையிலும் இந்த அறுவைக்கு அட்டை செல்லுமா என்று காப்பீட்டு கவுண்டரில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். படுக்கை போட்ட பிறகு கேட்டால் அலைச்சல்தான் மிச்சம்.

29 வயது

தம்பியின் கதை வேறு. தனக்கு ஒரு பக்கம் இல்லை என்பது அவனுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். “யார்கிட்டண்ணா சொல்றது?” என்றான். அவன் அப்பா, என் சித்தப்பா, அவனைக் குளிப்பாட்டும் வயதிலேயே தவறிவிட்டார். குழந்தையில்லை என்று ஒரு தனியார் மையத்தில் இரண்டு வருடம் அலைந்தார்கள். விந்தணு எண்ணிக்கை ஒரு மில்லிலிட்டருக்கு 90 லட்சம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு கையேடு குறைந்தபட்ச அளவாக வைத்திருப்பது 1 கோடியே 60 லட்சம். கருப்பைக்குள் விந்து செலுத்தும் சிகிச்சை நான்கு முறை நடந்தது. அந்த இரண்டு வருடத்தில் ஒருவர்கூட அவனைப் படுக்க வைத்துத் தொட்டுப் பார்க்கவில்லை. எனக்கு ஆறாத விஷயம் இது. தறிக்குப் பாவு நூல் சுற்றிய கனமான உருளையை, பாவு பீமை, தூக்கும்போது இடது தொடையிடுக்கில் சுருக்கென்று வலித்து, குடலிறக்கமோ என்று ஒரு சர்ஜனிடம் போனான். அவர்தான் கண்டுபிடித்தார். விதை தொடையிடுக்குப் பாதைக்குள் சின்னதாகச் சுருங்கிக் கிடந்தது. வலது பக்கம் பையில், நல்ல அளவில் இருந்தது.

குழந்தையில்லை என்று வரும் ஆண், முதல் நாளே உடம்பு பரிசோதனையைக் கேட்டு வாங்க வேண்டும். விந்தணு குறைந்தவர்களுக்கு, விதை சரியாக இறங்கியிருந்தாலும்கூட, விதைப் புற்றுநோய் மற்றவர்களைவிடக் கூடுதலாக வருகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்காக்கபேக் என்ற மருத்துவர் 2001இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: இறங்காத விதை, விந்தணுக் குறைவு, விதைப் புற்றுநோய், சிறுநீர்த் துவாரம் இடம் மாறியிருப்பது ஆகிய நான்கும், கருவிலேயே விதை சரியாக உருவாகாத ஒரே கோளாறின் நான்கு முகங்களாக இருக்கலாம் என்று. எல்லாருக்கும் இது பொருந்தாது. ஆனாலும் ஒரு முகத்தைப் பார்க்கும் டாக்டர் மற்ற மூன்றையும் தேட வேண்டும் என்பதற்கு இது போதும்.

‘5 மடங்கு’ என்ற சொல்

தம்பியை உறங்கவிடாமல் செய்தது இந்தச் சொல். மூன்று டாக்டர்களில் ஒருவர், புற்றுநோய் ஆபத்து 5 மடங்கு என்றாராம். எதில் 5 மடங்கு என்று இவன் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்த எண் வந்த இடம் சுவீடன். 1964 முதல் 1999 வரை அங்கே விதை இறக்கும் அறுவை செய்துகொண்ட 16,983 பேரைப் பதிவேடுகளின் வழியே தொடர்ந்து, 2007இல் வெளியிட்டார்கள். பொதுமக்களோடு ஒப்பிட்டால், 13 வயதுக்கு முன் அறுவை செய்தவர்களுக்கு விதைப் புற்றுநோய் 2.23 மடங்கு, 13 வயதிலும் அதற்குப் பிறகும் செய்தவர்களுக்கு 5.40 மடங்கு. சரி, அந்த 16,983 பேரில் மொத்தம் எத்தனை பேருக்கு வந்தது? 56 பேருக்கு. ஆயிரத்துக்கு மூன்று பேர் அளவில். அதுவும், இந்த நோய் உலகிலேயே அதிகம் காணப்படும் வட ஐரோப்பாவில். நம் நாட்டில் வருடத்துக்கு ஒரு லட்சம் ஆண்களில் ஒருவருக்கும் குறைவாகத்தான் இது வருகிறது. சின்ன எண்ணை ஐந்தால் பெருக்கினாலும் சின்ன எண்தான்.

இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டியதும் தம்பி நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப விட்டுடலாமாண்ணா?” என்றான். அங்கேதான் கணக்கின் மறுபக்கம் வருகிறது. இந்த நோய் 15 முதல் 40 வயதுக்குள் அதிகம் வருவது. அவன் நடுவில் நிற்கிறான். பைக்குள் இருக்கும் விதையில் வலியில்லாத கட்டி வந்தால் கை சொல்லிவிடும். ஆரம்பத்தில் பிடித்துவிட்டால் குணமாவோர் 95 விழுக்காட்டுக்கும் மேல். தொடையிடுக்கில் தசைக்கு அடியிலோ வயிற்றுக்குள்ளோ இருக்கும் விதையில் வந்தால் கைக்குத் தெரியாது. பரவிய பிறகே தெரியும். ஆபத்தின் அளவைவிட அது ஒளிந்திருக்கும் இடம்தான் என்னைப் பயமுறுத்தியது.

விடுவது, இறக்குவது, எடுப்பது

விட்டுவைப்பது யாருக்குச் சரி என்றால், 50 வயது தாண்டியவர்களுக்கு. இதய நோய், நுரையீரல் நோய் போல மயக்க மருந்தே ஆபத்தாகும் நிலையில் இருப்பவர்களுக்கும். 1985இல் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள்: எந்த வயதுவரை புற்றுநோயால் சாகும் ஆபத்து, அறுவையால் சாகும் ஆபத்தைவிட அதிகம்? 32 வயது என்று விடை வந்தது. மயக்க மருந்து பாதுகாப்பாகிவிட்ட காலத்தில், 2002இல் அதே கணக்கை மறுபடி போட்டபோது 50 ஆனது. விட்டுவிடு என்று சொன்ன டாக்டர் பழைய கணக்கில் இருந்தாலும்கூட, 29 வயது அதற்குள்தான் வருகிறது. விட்டுவைத்தாலும் சும்மா விடமுடியாது. வருடாவருடம் ஸ்கேன், கூடவே விதை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து, குடலிறக்கம். இறங்காத விதையோடு குடலிறக்கப் பாதை மூடாமல் இருப்பது மிகச் சாதாரணம். பீம் தூக்குகிறவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இறக்கி வைத்துத் தைப்பது கேட்பதற்கு இதமானது. எதையும் இழக்க வேண்டாமே. தம்பியின் மனைவிக்கும் இதில்தான் மனம். “எறக்கி வெச்சா கவுண்ட் ஏறும்ல மாமா?” என்று என்னிடம் கேட்டாள். எனக்கும் ஆமாம் என்று சொல்லத்தான் ஆசையாக இருந்தது. ஆனால் 20 வருடத்துக்கு மேல் சூட்டில் கிடந்த விதையில் பெரும்பாலும் விந்தணு ஆக்கும் செல்களே மிஞ்சுவதில்லை. அதை இறக்குவதால் எண்ணிக்கை ஏறும் என்று நம்ப இடமில்லை. புற்றுநோய் ஆபத்தும் இறக்குவதால் பெரிதாகக் குறைந்துவிடாது; அந்த 5.40 மடங்கே இறக்கியவர்களின் கணக்குதான். லாபம் ஒன்று உண்டு: கைக்கு எட்டும் இடத்துக்கு வந்துவிடும், மாதாமாதம் தடவிப் பார்க்கலாம்.

ஆனாலும் இறக்குவதே சரி என்று இருக்கும் ஆண்கள் உண்டு. இரண்டு பக்கமும் இறங்காதவர்கள், இருப்பதே ஒரு விதை என்பவர்கள், மறுபக்க விதை சுருங்கியோ அடிபட்டோ பலவீனமாக இருப்பவர்கள். ஆண் ஹார்மோனைச் சுரக்கும் செல்கள் விந்தணுச் செல்களைவிடச் சூட்டைத் தாங்கும். இரண்டையும் எடுத்துவிட்டால் வாழ்நாள் முழுக்க ஹார்மோனை வெளியிலிருந்து கொடுக்க வேண்டிவரும். இறக்கும்போதே ஒரு சின்னத் துணுக்கை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம். புற்றுநோய்க்கு முந்தைய நிலை அதில் தெரிந்துவிட்டால் அலட்சியம் கூடாது. அப்படிப்பட்டவர்களில் பாதிப்பேருக்கு ஐந்து வருடத்துக்குள் முழுப் புற்றுநோயாக மாறுகிறது.

எடுத்துவிடுவது, ஒரு பக்கம் மட்டும் இறங்காமல் மறுபக்கம் நன்றாக இருக்கும் இளம் ஆணுக்குப் பெரும்பாலான நிபுணர்கள் சொல்லும் வழி. அந்தப் பக்கத்துப் புற்றுநோய்க் கவலை அதோடு தீர்ந்தது. தொடையிடுக்கில் ஒரு கீறல். குடலிறக்கப் பாதையையும் அதே கையோடு மூடிவிடுவார்கள். ஆண்மைக்கும் மீசைக்கும் குரலுக்கும் ஒரு நல்ல விதை போதும். வெறுமையாக இருக்கிறதே என்று நினைப்பவர்களுக்குச் சிலிக்கானில் செய்த செயற்கை விதை வைக்கலாம். இழப்பு எது என்றால், நாளை மறுபக்கத்துக்கு ஏதாவது நேர்ந்தால் பதிலுக்கு ஒன்று இல்லை. சுருங்கிப்போன விதை அந்தப் பதிலாக இருந்திருக்குமா என்பது வேறு கேள்வி. மனதின் இழப்பும் உண்டு, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். எங்கள் தெருவில் ஒரு ஆணைப் பற்றி எப்படிப் பேசுவார்கள் என்பது தம்பிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் மனைவியையும் என்னையும் தவிர வேறு யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று அவன் முடிவு செய்தபோது அதை மதித்தேன். அவன் சம்மதம் வாங்கிக்கொண்டுதான், அடையாளத்தை மாற்றி இங்கே எழுதுகிறேன்.

என் கருத்தைக் கேட்டால்: மறுபக்கம் நன்றாக இருக்கிறதா, வயது 50க்குள்ளா, விந்தணு ஓரளவு இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் எடுத்துவிடுங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும், எடுப்பதற்கு முன் இரண்டாவது நிபுணரைப் பாருங்கள்.

கத்திக்கு முன் செய்ய வேண்டியவை

இதை நான் எல்லாவற்றுக்கும் மேலே எழுதியிருக்க வேண்டும். அறுவைக்கு முன்னால் விந்தணுவைச் சேமியுங்கள். தம்பிக்கு இருந்தது 90 லட்சம், அதுவும் வலது பக்கத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும். எடுப்பது இடதுதானே என்று விட்டிருக்கலாம். நான் விடவில்லை. உறைநிலையில் வைத்த விந்து வருடக்கணக்கில் கெடாது. விந்தணுவே இல்லாதவர்களானால், எடுக்கும் விதைக்குள் ஏதாவது கிடைக்கிறதா என்று நுண்ணோக்கியில் தேடிச் சேமிக்க முடியுமா என்பதை அறுவை நாளுக்கு முன்பே கேட்டு ஏற்பாடு செய்ய வேண்டும். எடுத்துப் பார்மலின் பாட்டிலில் போட்ட பிறகு நினைவு வந்து பயனில்லை.

ஒரு தடவை விந்துப் பரிசோதனையை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மிகாமல் இடைவெளி விட்டுக் கொடுத்த மாதிரி வேண்டும், குறைந்தது இரண்டு தடவை. ஒரு விந்தணு உருவாகி வெளிவர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். போன மாதம் வந்த காய்ச்சலோ, சித்திரை வெயிலில் தகரக் கூரைத் தறிக்கூடத்தில் வெந்த வேக்காடோ இந்த மாதக் கணக்கில் தெரியலாம். கூடவே ரத்தத்தில் ஹார்மோன் அளவுகளும், ஏஎஃப்பி, பீட்டா ஹெச்சிஜி, எல்டிஹெச் என்ற மூன்று புற்றுநோய்க் குறியீடுகளும் பார்க்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் ஸ்கேன். சந்தேகக் கட்டி இருந்தால் விதைப்பை வழியாக ஊசி குத்திப் பார்க்க யாரையும் விடாதீர்கள்; நோய் வேறு பாதையில் பரவ அது இடம் கொடுக்கும்.

இன்னொன்றும் உண்டு. “சத்து குறைவு” என்று சொல்லித் தம்பிக்கு ஒரு இடத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடச் சொல்லியிருந்தார்கள். நல்லவேளை, போடவில்லை. அந்த ஊசி வெளியிலிருந்து வந்தால் மூளை விதைக்குக் கொடுக்கும் கட்டளையை நிறுத்திவிடும். இருக்கிற விந்தணுவும் வற்றிப்போகும். குழந்தை வேண்டும் என்பவர் அதைத் தொடவே கூடாது.

குழந்தைப் பேறு எப்படி

ஒரு பக்கம் மட்டும் இறங்காதவர்களுக்குச் செய்தி நல்லது. சின்ன வயதில் அறுவை செய்துகொண்டவர்களை அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் தொடர்ந்து பார்த்தபோது, ஒரு பக்கக் குறை இருந்தவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் அப்பாவாகியிருந்தார்கள். குறையே இல்லாதவர்களில் 93. இரண்டு பக்கமும் குறை இருந்தவர்களில் 65. இரண்டு பக்கமும் இறக்காமலே வளர்ந்துவிட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு விந்தணுவே இருப்பதில்லை. அக்காவிடம் ஓடிப்போய்ச் சொல்லும்படி என்னைச் செய்தது இந்தக் கடைசி எண்தான், அவள் பேரனுக்கு ஒரு பக்கம் மட்டும்தான் என்றாலும்.

தம்பி நிலையில் இருப்பவர்கள் முதலில் மனைவியின் பரிசோதனைகளையும் முழுமையாக முடிக்க வேண்டும். எண்ணிக்கை ஓரளவு இருந்து, மனைவிக்கு வயதும் உடம்பும் சாதகமாக இருந்தால் இயற்கையாகவே சில மாதம் முயலலாம். ஏற்கெனவே நான்கு முறை கருப்பைக்குள் செலுத்திப் பலிக்கவில்லையென்றால் ஐந்தாவது, ஆறாவது என்று நீட்டிக்கொண்டு போவதில் எனக்கு நம்பிக்கையில்லை. அடுத்தது, ஒரே ஒரு விந்தணுவை முட்டைக்குள் ஊசியால் செலுத்தும் இக்ஸி முறை. 1992இல் பிரசல்ஸ் நகரில் இதன் வழியாக முதல் கர்ப்பங்கள் பலித்தன. விந்தணு குறைந்த ஆண்களின் கதையே அதற்குப் பிறகு மாறியது. விந்தில் ஒன்றுமே இல்லாதவர்களுக்கும், விதைக்குள் நுண்ணோக்கி வைத்துத் தேடினால் பலருக்கு விந்தணு கிடைக்கிறது. சின்ன வயதில் விதை இறக்கப்பட்டவர்களுக்கு அந்த வாய்ப்பு நல்லது. தேடுவதற்கு முன் குரோமோசோம் பரிசோதனை அவசியம். எந்த மையமானாலும், செயற்கைக் கருத்தரிப்பு மையங்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும்; பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள், கோபித்துக்கொண்டால் வேறு இடம் போங்கள்.

என்ன ஆயிற்று

தம்பி வைகாசியில் அறுவை செய்துகொண்டான். அதற்கு முன் இரண்டு மாதிரி சேமித்தோம். எடுத்த விதையின் நோய்க்குறியியல் அறிக்கை ஒன்பது நாளில் வந்தது. அதைப் பிரித்துப் படிக்கும் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டு அவன் வாசலில் போய் நின்றுகொண்டான். சுருங்கிய விதை, விந்தணு உற்பத்தி இல்லை, புற்றுநோய் இல்லை, அதற்கு முந்தைய நிலையும் இல்லை. வலது பக்கத்தை மாதம் ஒருமுறை வெந்நீர்க் குளியலுக்குப் பின் தடவிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இறங்காத ஒன்றை எடுத்துவிட்டாலும் இறங்கிய பக்கத்துக்கும் ஆபத்து சற்றுக் கூடுதலாக இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

குழந்தைக்கு ஆனி மாதம் முடிந்தது. மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அன்றே பஸ்ஸில் மலை ஏற வேண்டாம் என்று நான்தான் நிறுத்திவைத்தேன். மூன்று நாள் அம்மாப்பேட்டையில் இருந்தான். நடைவண்டியிலும் இடுப்பிலும் கவட்டை விரித்து உட்கார வைக்கக் கூடாது என்று இரண்டு வாரத்துக்கு விதி. என் அக்காவுக்கு இடுப்பில் வைக்காமல் தூக்கத் தெரியாது. பாவம், மடியில் கிடத்தியே வைத்திருந்தாள். ஆறு மாதம் கழித்து விதை பையில் நிலைத்திருக்கிறதா, வளர்கிறதா என்று பார்க்க வரவேண்டும். அவன் வயதுக்கு வரும்போது தானே தடவிப் பார்க்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று அந்தக் கோப்பின் மேல் அட்டையில் சிவப்பு மையில் எழுதிவைத்திருக்கிறேன்.

தம்பிக்கு அடுத்த விந்துப் பரிசோதனை, கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா முடிந்த அடுத்த திங்கட்கிழமை. இந்தத் தடவை அவன் கப்பை வாங்கும்போது நானும் பக்கத்தில் நிற்பேன்.